‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது சான்றிதழ் ஆகுமா?

ஒரு பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டாரத்துத் திடல் ஒன்றில் ஃபன் ஃபேர் போட்டிருந்தார்கள். துணிக்கடைகளுக்கும் லேடாங் மலைக்கும் பெயர் பெற்றது தங்காக். ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு குறைவு. நம் ஜோகூர் மாநிலத்திலேயே 2012 முதல் லெகோலேண்டு இருக்கிறது. என்றாலும் நுழைவுச்சீட்டு, டோல், பெட்ரோல், சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பல குடும்பங்கள் பின்வாங்கிவிடும். அதனால் திடலில் விளக்கு எரிந்தால் ஊரே அங்குதான் இருக்கும்.

சித்தியின் மகனுக்கு எட்டு வயது. அவனை அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. போனதும் அவன் கண்ணில் பட்டது டிராகன் முகம் வைத்த சிறிய ரோலர் கோஸ்டர். ஐந்து வெள்ளி. வரிசையில் நின்றபோது கடைசிப் பெட்டியைப் பார்த்தேன். மடியின்மேல் இறங்கும் இரும்புப் பட்டை சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. அங்கு வேலை செய்த அண்ணன் அதை ஒரு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார். அவ்வளவு வேகமாக முடிச்சுப் போட்டதிலிருந்தே, அது அவருக்குப் பழக்கமான வேலை என்று தெரிந்தது.

“அண்ணே, இதுக்கு சோதனை செஞ்ச சான்றிதழ் ஏதும் இருக்கா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஆபிஸ்ல இருக்கும்மா. மூனு வருசமா ஓடுது. இதுவரைக்கும் ஒன்னும் ஆகல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

நான் தம்பியை வரிசையிலிருந்து வெளியே அழைத்து வந்துவிட்டேன். அவன் அழுதான். வீட்டுக்கு வரும்வரை என்னோடு பேசவில்லை. “பிள்ளைக்கு ஆசை காட்டிட்டு ஏமாத்திட்டியே” என்று சித்தியும் சொன்னார். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த அண்ணன் சொன்ன வாக்கியம் ஏன் என்னைத் திருப்திப்படுத்தவில்லை என்பதை அன்று இரவு சித்திக்கு விளக்க முயன்றேன். அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது இரும்பைப் பொறுத்தவரை ஆபத்தான வாக்கியம். ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் முறை ஒன்றும் ஆகாது. ஐந்தாவது முறையும் ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு முறை, அதே அளவு வளைத்ததற்கே பட்டென்று முறியும். உலோகக் களைப்பு என்று இதைச் சொல்வோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் பளபளப்பான சாயம்தான் தெரியும். மூன்று வருடம் ஓடிய இயந்திரம் என்றால், மூன்று வருடம் களைத்த இயந்திரம் என்றும் பொருள்.

ஜப்பானின் ஒசாகாவில் எக்ஸ்போலேண்டு என்ற பூங்காவில் 2007 மே 5 அன்று இதுதான் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டரின் சக்கர அச்சு ஒன்று முறிந்தது. 19 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தனர். அந்த அச்சு 15 ஆண்டுகளாக மாற்றப்படவில்லை என்பதும், செய்ய வேண்டிய ஆண்டுப் பரிசோதனை தள்ளிப்போடப்பட்டிருந்தது என்பதும் பிறகு தெரியவந்தன. அந்த 15 ஆண்டுகளும் அங்கு வேலை செய்தவர்களைக் கேட்டிருந்தால், ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய்யே இருந்திருக்காது.

அப்படியென்றால் ஒரு ரோலர் கோஸ்டரை எப்படித்தான் நம்புவது? புதிதாகக் கட்டிய ஒன்றைத் திறப்பதற்கு முன் என்னென்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில் தாள். எந்த வளைவில் எவ்வளவு விசை விழும், எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்ற கணக்குகளை, வடிவமைத்த நிறுவனத்தைச் சாராத பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். இதற்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட தர விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பில் பொழுதுபோக்குச் சவாரிகளுக்கென்றே 1978 முதல் ஒரு குழு இயங்குகிறது. ஐரோப்பாவுக்கும் தனித் தர விதி உண்டு.

அடுத்தது இரும்பு. பற்றவைத்த இடங்களையும் அச்சுகளையும் உடைக்காமலேயே உள்ளே பார்க்கும் முறைகள் உள்ளன. காந்தத் துகளைத் தூவினால் அது விரிசல் இருக்கும் இடத்தில் கோடாகச் சேரும். நிறச் சாயம் தடவினால் விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பதுபோல மீயொலியை அனுப்பியும் பார்ப்பார்கள்.

பிறகுதான் ஓட்டம். முதலில் பெட்டியை மெதுவாக இழுத்துச் சென்று, பயணி கையை நீட்டினாலும் தூணோ மரக்கிளையோ படாத அளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து ஆளில்லாமல் ஓட்டுவார்கள். அதன்பின் மணல் மூட்டைகளையோ, மனித உடல் வடிவில் செய்த தண்ணீர் நிரப்பிய பொம்மைகளையோ இருக்கைகளில் உட்கார வைத்து ஓட்டுவார்கள். காலியாகவும் நிறைத்தும் ஓட்டிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எடை கூடினால் உராய்வும் காற்றின் தடையும் ஒப்பீட்டளவில் குறைவாகவே பாதிக்கும். அதனால் நிறைந்த பெட்டி பெரும்பாலும் வேகமாகப் போகும். காலிப் பெட்டி சில நேரம் மேட்டைத் தாண்ட முடியாமல் நடுவழியில் நின்றுவிடும். இப்படி நூற்றுக்கணக்கான முறை ஓட்டிய பிறகே மனிதர்களை ஏற்றுவார்கள். முதலில் ஏறுபவர்கள் பெரும்பாலும் பூங்காவின் ஊழியர்களே.

இத்தோடு முடிவதில்லை. வேண்டுமென்றே கோளாறு உண்டாக்கியும் பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் பிரேக் தானாகப் பிடிக்கிறதா? மேட்டில் ஏறும்போது சங்கிலி அறுந்தால் பெட்டி பின்னோக்கி உருளாமல் நிற்கிறதா? ரோலர் கோஸ்டர் மேலே ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வருமே, பலருக்கு அதைக் கேட்டாலே வயிறு கலங்கும். உண்மையில் அது காவல் சத்தம். பெட்டி பின்னால் போகாமல் தடுக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டும்போது எழுவது.

பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெட்டித்தொடர்தான் இருக்கலாம் என்று கணினி கட்டுப்படுத்தும். முன்னால் ஒன்று நின்றுவிட்டால் பின்னால் வருவது தானாக நிறுத்தப்பட வேண்டும். அதையும் திறப்பதற்கு முன்பே நிறுத்தி நிறுத்திச் சோதிப்பார்கள்.

இவ்வளவு செய்தபிறகு கையெழுத்தாகும் தாளுக்குத்தான் சான்றிதழ் என்று பெயர். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பவர் நடந்து முடிந்ததைச் சொல்கிறார். ‘இவற்றையெல்லாம் செய்து பார்த்தோம், இந்த எல்லைக்குள் தாங்கும், இந்தத் தேதிக்குள் மறுபடி பார்க்க வேண்டும்’ என்று சொல்வது சான்றிதழ். அதற்கு ஒரு காலாவதித் தேதி இருப்பதே அதன் நேர்மைக்கு அடையாளம்.

சோதனை சொன்னதைக் கேட்டால் மட்டும் போதாது, கேட்டதற்கு ஏற்ப நடக்கவும் வேண்டும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2014-இல் திறக்கப்பட்ட வெருக்ட் என்ற நீர்ச்சறுக்கு 51 மீட்டர் உயரம் கொண்டது. உலகிலேயே உயரமானது என்று விளம்பரம் செய்தார்கள். சோதனை ஓட்டத்தின்போது மணல் மூட்டைகளோடு போன ரப்பர் படகுகள் காற்றில் பறந்தன. அமைப்பை மாற்றிக் கட்டித் திறந்தார்கள். ஆனாலும் 2016 ஆகஸ்டு 7 அன்று அதில் போன 10 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அப்போது அந்த மாநிலத்தின் கண்காணிப்புச் சட்டம் மிகத் தளர்வாக இருந்தது. மறு ஆண்டுதான் அதைக் கடுமையாக்கினார்கள். படகு முதன்முதலில் பறந்த அன்றே சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது.

இப்போது கடலைத் தாண்டி நம் பக்கத்து நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரின் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, அதன் பெருமைகளில் ஒன்று பேட்டல்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டர். 42.5 மீட்டர் உயரம். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகும். ஒரு பாதையில் பெட்டி தண்டவாளத்தின் மேலே ஓடும். மற்றொன்றில் பயணிகள் கீழே தொங்கியபடி போவார்கள். திறந்த ஒரு வாரத்திலேயே இருக்கை ஒன்றில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. சவாரியை நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2011 பிப்ரவரியில்தான். ஏறக்குறைய 11 மாதங்கள்.

2013 ஜூலையில் மறுபடியும் நிறுத்தினார்கள். இம்முறை 2015 மே மாதம் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். திரும்ப வந்தபோது ஒரு வரிசையில் நான்கு பேர் உட்காரும் பெட்டிகள் போய், இருவர் உட்காரும் பெட்டிகள் இருந்தன. ஒரு பூங்கா தன் முக்கியமான ஈர்ப்பை இரண்டு ஆண்டுகள் மூடி வைப்பதும், ஒரு முறைக்கு ஏறும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் வியாபாரத்தில் சாதாரண விஷயமா? பள்ளிச் சுற்றுலாவில் போய் ‘மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைப் பார்த்துத் திரும்பியவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அன்று அவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு பூங்கா தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் துணிவுதான், அந்த நாள் அவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியது.

இந்தக் காலக்கட்டத்தில் சிங்கப்பூர் அரசும் சும்மா இருக்கவில்லை. 2008 டிசம்பர் 23 அன்று சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம் பழுதாகி, 173 பேர் சுமார் ஆறு மணி நேரம் சிக்கிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் பொழுதுபோக்குச் சவாரிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். வடிவமைப்புக்கு ஓர் அனுமதி, நிறுவுவதற்கு ஓர் அனுமதி, இயக்குவதற்கு ஓர் அனுமதி என்று மூன்று படிகளைக் கடந்தால்தான் சவாரி ஓட முடியும்.

ஆனால் சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 அன்று ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டரில் பாதுகாப்புக் கணினி தன் வேலையைச் சரியாகவே செய்தது. பாதையில் ஒரு காலிப் பெட்டித்தொடர் நின்றுவிட்டதை அறிந்து, பின்னால் 16 பேரோடு புறப்பட்டதை நிறுத்திவைத்தது. ஊழியர்கள் அந்தக் காலித் தொடரைக் கவனிக்கவில்லை. கணினிதான் தவறாகச் சொல்கிறது என்று நினைத்து, அதை மீறி அனுப்பினார்கள். மோதலில் இரண்டு இளம்பெண்கள் ஒரு காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தாளில் எழுதியிருப்பதை ஒவ்வொரு நாளும் மதிக்கிற மனிதர்கள் இல்லாவிட்டால் தாள் வெறும் தாள்தான். நைலான் கயிறும் அப்படித்தான். பட்டை பூட்டவில்லை என்பதன் பொருள் ‘இந்தப் பெட்டியை ஓட்டாதே’ என்பது. கயிறு அந்தப் பேச்சை அடக்கிவிடுகிறது.

நம் நாட்டில் இயந்திரப் பாதுகாப்பைக் கண்காணிப்பது மனிதவள அமைச்சின் கீழுள்ள டோஷ் என்னும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 அன்று முடிவுக்கு வந்து, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முக்கியமானது. ஒரு முதலாளியின் கடமை தன் தொழிலாளர்களோடு நின்றுவிடவில்லை, அவர் தொழிலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களுக்கும் அது உண்டு என்று அது சொல்கிறது. ஐந்து வெள்ளி கொடுத்து வரிசையில் நிற்கும் எட்டு வயதுப் பையனும் அந்த ‘மற்றவர்களில்’ ஒருவன்.

ஆகவே சட்டமே இல்லை என்று நான் குறைசொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தத் தாளை எங்களுக்குக் காட்டுங்கள்.

அடுக்குமாடிகளில் மின்தூக்கிக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். தகுதிச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் தேதியைப் படிக்கலாம். ரோலர் கோஸ்டரின் வாசலிலும், ராட்டினத்தின் வாசலிலும், ஊர்விட்டு ஊர் போகும் ஃபன் ஃபேரின் ஒவ்வொரு சவாரியின் முன்பும் அதே போல ஒரு பலகை இருக்கட்டும். கடைசியாகச் சோதித்த நாள், சோதித்தவர், அடுத்த சோதனை எப்போது, எத்தனை பேர் ஏறலாம், எந்த உயரத்துக்குக் கீழ் ஏறக்கூடாது. இந்த ஐந்து வரி போதும். மலாயோடு தமிழிலும் சீனத்திலும் எழுதினால், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாத்தா பாட்டிகளும் படிப்பார்கள்.

பெரிய பூங்காக்களில் ஒரு சவாரியை ஓரிடத்தில் கட்டினால் அது அங்கேயே இருக்கும். ஃபன் ஃபேரின் நிலை வேறு. ஒவ்வோர் ஊரிலும் கழற்றி, லாரியில் ஏற்றி, மறுபடி மாட்டுகிறார்கள். ஒவ்வொரு திடலும் ஒரு புதிய அடித்தளம். மழை பெய்தால் மண் இளகும். எங்கோ ஒரு போல்டு மாட்ட மறந்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அது ஒவ்வோர் ஊரிலும் புதிதாகத் திறக்கப்படும் ரோலர் கோஸ்டர்தான். பெரிய பூங்கா திறப்பு விழாவுக்கு முன் செய்யும் சோதனையின் ஒரு பங்கையாவது, ஃபன் ஃபேர் ஒவ்வொரு திடலிலும் செய்ய வேண்டும். திடலில் நடத்த அனுமதி கொடுக்கும் ஊராட்சித் தரப்பு, மாட்டி முடித்தபின் ஒரு தகுதிபெற்றவர் பார்த்துக் கையெழுத்திட்டாரா என்று கேட்ட பிறகே விளக்கைப் போட விடலாம்.

இதனால் சீட்டு விலை கூடும், சிறு வியாபாரிகள் நசுங்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்லலாம். அந்தக் கவலை நியாயமானது. ஃபன் ஃபேர் நடத்துபவர்கள் பணக்காரர்கள் இல்லை, அந்த அண்ணனும் கூலிக்கு வேலை செய்பவர்தான். ஆனால் சோதனையில் மிச்சம் பிடிக்கும் பணத்தைக் கடைசியில் யார் கட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். லெகோலேண்டுக்குப் போக முடியாத பிள்ளைக்குக் குறைந்த பாதுகாப்பு போதும் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். சொல்லாமலேயே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். செலவுதான் தடை என்றால், சிறு நடத்துநர்களுக்குச் சோதனைக் கட்டணத்தைக் குறைக்கலாம். பாலிடெக்னிக், பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களைப் பரிசோதகர்களின் உதவியாளர்களாக அனுப்பலாம். எங்களுக்கும் அது பாடமாக இருக்கும்.

மாணவ நண்பர்களே, நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது பட்டை பூட்டுகிறதா என்று பாருங்கள். துருவையும், கயிற்றையும், கம்பியால் சுற்றிய இடத்தையும் பாருங்கள். சான்றிதழ் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரிய பூங்காவில் சவாரி மூடியிருந்தால் ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். யாரோ ஒருவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டிராகன் சவாரி உண்மையில் ஆபத்தானதா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு எத்தனையோ பிள்ளைகள் அதில் ஏறிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவேளை அந்த ஒரு பட்டையைத் தவிர மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருந்திருக்கலாம். முறையான சான்றிதழே ஆபிஸில் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை என்பதுதான் என் வருத்தம். ஒரு தாள் வாசலில் இல்லாததால், நல்ல நடத்துநராக இருந்தால் அவர் ஐந்து வெள்ளியை இழந்தார், மோசமானவராக இருந்தால் மற்ற பிள்ளைகள் தெரியாமல் ஏறினார்கள்.

தம்பி மறுநாள் காலையில் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டான். “அடுத்த தடவ கூட்டிட்டுப் போவீங்களாக்கா?” என்று கேட்டான். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை வாசலில் தேதியைப் படித்துவிட்டு, இரண்டு சீட்டு வாங்கி, அவன் பக்கத்தில் நானும் உட்கார வேண்டும். அந்த ‘டக் டக்’ சத்தம் எதற்கென்று மேலே ஏறும்போது அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.